நாலாவது புள்ளி

சைரன் அலறியது.

பி லைன் முழுக்கச் சிவப்பு விளக்கு சுழன்றது. கன்வேயர் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. நாற்பது பேரும் கையில் பிடித்ததைப் பிடித்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"பத்தாவது ஸ்டேஷன்! கேமரா ரிஜெக்ட்!" என்று யாரோ கத்தினார்கள்.

ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனி அது. ஒரு சீட் ஃபிரேமுக்கு நாலு போல்ட். ஒவ்வொன்றையும் முறுக்கி முடித்ததும் அதன் தலையில் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இருந்தால் முறுக்கியாயிற்று என்று அர்த்தம். ஏழாவது ஸ்டேஷனில் ஒரு கேமரா புள்ளிகளை எண்ணும். பத்தாவதில் இன்னொரு கேமரா மறுபடியும் எண்ணும்.

இன்று ஏழாவது கேமரா நாலு என்றது. அதே ஃபிரேமைப் பார்த்துப் பத்தாவது கேமரா மூன்று என்றது.

குவாலிட்டி இன்ஜினியர் மாரிசெல்வம் ஓடி வந்தார். தூத்துக்குடிக்காரர். வந்த வேகத்தில் நாலாவது போல்ட்டைத் தொட்டார். அது விரலுக்கே சுழன்றது.

"முறுக்கவே இல்ல! முறுக்காத போல்ட்டுக்கு எப்படிப் புள்ளி வந்துச்சு? வந்த புள்ளி எங்கிட்டுப் போச்சு? நடந்தா போச்சு?"

நடந்துதான் போயிருந்தது.

எட்டாவது ஸ்டேஷனிலிருந்து ஓடி வந்த சசிகலா அதைப் பார்த்துவிட்டாள். ஃபிரேமின் ஓரக் கம்பியில் செம்பழுப்பு நிறக் குளவி ஒன்று நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. அதன் முதுகில் பளிச்சென்று ஒரு மஞ்சள் புள்ளி.

"யம்மாடி! பூச்சியையும் முறுக்கி ஓகே பண்ணி வுட்டுகீறாங்கடி!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

லைனே சிரித்தது. மாரிசெல்வத்துக்குக்கூட உதடு துடித்தது. சசிகலா மட்டும் சிரிக்கவில்லை. டீ குடித்த பேப்பர் கப்பை எடுத்துக் குளவியின் மேல் கவிழ்த்து, அடியில் ஒரு அட்டையைச் செருகினாள். கொட்டும் என்ற பயமில்லை.

அந்தக் குளவியை அவளுக்குத் தெரியும்.

சசிகலாவுக்கு முப்பத்திரண்டு வயது. பன்னிரண்டு வருட சர்வீஸ். வரும் வெள்ளிக்கிழமை லைன் லீடர் இன்டர்வியூ. பி லைனில் இதுவரை ஒரு பெண்ணும் லீடராக இருந்ததில்லை. இந்த முறை பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. "போர்டுல உன் போட்டோ ஒட்ட எடம் வெச்சாச்சுக்கா" என்று ஜாஸ்மின் தினமும் கிண்டல் செய்வாள். ஜாஸ்மின் ஆறாவது ஸ்டேஷனில் போல்ட் முறுக்கும் டிரெய்னி. வந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

சசிகலாவின் தங்கை எழிலரசிக்கு இருபத்தைந்து. சென்னையில் ஒரு கல்லூரியில் குளவிகளைப் பற்றி பிஎச்.டி. செய்கிறாள். கம்பெனி மதிலுக்கு வெளியே, லாரி வந்து நிற்கும் டாக்குக்கு எதிரே, கம்பெனியின் பழைய பம்ப் ரூம் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. அதன் கூரைக்கடியில் ஒரு கூடு. மரநாரை மென்று மென்று காகிதமாக்கிக் கட்டியது. பிப்ரவரியில் முதல் அறை எழும்பிய நாளிலிருந்து எழில் அதன் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். செக்யூரிட்டி அவளுக்குக் 'குளவி மேடம்' என்று பெயர் வைத்து, நாற்காலி வரைக்கும் கொடுத்துப் பார்த்துவிட்டார். அவள்தான் ஸ்டூலை விடவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சசிகலா டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு அங்கே போயிருந்தாள்.

"இன்னும் பதினோரு அறை மூடிகினு கீதுக்கா," என்றாள் எழில், புளிசாதத்தை வாயில் வைத்தபடி. "வியாழக்கிழமைக்குள்ள எல்லாம் திறந்துடும். எத்தனை பொண்ணு, எத்தனை ஆணுன்னு எண்ணிட்டா என் வேலை முடிஞ்சுது. மொத அறையிலேர்ந்து ஒண்ணு வுடாம நான் பாத்த கூடு இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் பாதியில புடிச்சது."

"எண்ணி இன்னா பண்ணப் போற?"

"யாரு பேச்சு எடுபடுதுன்னு பாக்கப் போறேன். கேளு. ஆம்பளைக் குளவிக்கு அப்பனே கெடையாது."

"இன்னாடி சொல்ற?"

"ஆமாக்கா. கருவாகாத முட்டைலேர்ந்து ஆண். கருவான முட்டைலேர்ந்து பொண்ணு. அப்பன்கிட்ட இருக்கறதே ஒரே ஒரு செட்டு மரபணு. அதை அப்படியே எல்லாப் பொண்ணுக்கும் குடுத்துடறான். அதனால ஒரே அப்பன் ஆத்தாவுக்குப் பொறந்த அக்கா தங்கச்சிக்குள்ள ஒட்டு ரொம்ப ஜாஸ்தி. நாலுல மூணு பங்கு. தானே ஒரு பிள்ளை பெத்தாக்கூட பாதிதான். தம்பின்னா நாலுல ஒண்ணு."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் தான் பெத்துக்காம ராணி பெத்ததை வளர்க்குதுங்கன்னு ஒரு கணக்கு. தங்கச்சிதான் லாபம். அதனால வேலைக்காரிங்களுக்கு மூணு தங்கச்சிக்கு ஒரு தம்பி போதும். ராணிக்கு மகனும் ஒண்ணு, மகளும் ஒண்ணு. அவளுக்குப் பாதிக்குப் பாதி வேணும். ஒரே கூட்டுக்குள்ள இழுபறி. உங்க லைன்ல பொண்ணுங்க எத்தனை?"

"முப்பது. ஆம்பளைங்க பத்து."

"பாத்தியா! நாலுல மூணு!"

"அப்போ எங்களுக்கு ராணி யாருடி? எச்.ஆர். மேடமா?"

இருவரும் சிரித்து முடிக்க நேரமாயிற்று. பிறகு எழில் கூட்டைக் காட்டினாள். முதுகில் வெள்ளை, நீலம், சிவப்பு என்று ஒவ்வொரு குளவிக்கும் ஒரு குறி. நடுவில் ஒன்று மட்டும் மஞ்சள். எழில் வாங்கி வைத்திருந்த பெயிண்ட் தீர்ந்துபோன ஒரு நாளில், சசிகலா லைனிலிருந்து எடுத்து வந்து கொடுத்த பேனாவால் வைத்த புள்ளி அது. தீர்ந்த பேனாவைத் திருப்பிக் கொடுத்தால்தான் கம்பெனியில் புதுசு தருவார்கள். சசிகலா 'தொலைந்துவிட்டது' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். பன்னிரண்டு வருட சர்வீஸில் அவள் சொன்ன ஒரே பொய்.

"இந்த மஞ்சக்காரிதான் எனக்குத் தலைவலி," என்றாள் எழில். "இவ இந்தக் கூட்டுல பொறந்தவளே இல்ல. சின்னதுல எங்கேர்ந்தோ வந்து ஒட்டிகினா. இதுங்களும் சேத்துகிச்சு. சொந்தம்னு பாத்தா இவளுக்குப் பூஜ்யம். ஆனா இவதான் இருக்கறதுலயே அதிகமா ஓடறா. வெயில்ல கூடு காயாம இருக்க நாள் முழுக்கத் தண்ணி கொண்டாந்து தெளிக்கறா. என் கணக்குல இவ மட்டும் உக்கார மாட்டேன்றா."

சசிகலா டிபன் பாக்ஸை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தியும் மறுபடி ஒரு தடவை அழுத்தினாள்.

எழிலுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். சசிகலாவின் அம்மா சந்திரம்மாள், அவளைப் பெற்ற ஆறாம் மாதமே போய்விட்டாள். அப்பா எல்லப்பன், ஒரு வயதுக் குழந்தையோடு இருந்த விதவை சுந்தராம்பாளைக் கட்டிக்கொண்டு வல்லக்கோட்டையில் அவள் வீட்டிலேயே குடியேறினார். அப்போது சசிகலாவுக்கு எட்டு வயது. அந்தக் குழந்தைதான் எழில். அப்பா வேறு, அம்மா வேறு. ஒரு சொட்டு ரத்த சம்பந்தம் இல்லை. எல்லப்பன் போனபோது சசிகலா படிப்பை நிறுத்திவிட்டுக் கம்பெனி பஸ் ஏறினாள். நாலு வருடத்துக்கு முன் சுந்தராம்பாளும் போனாள். போகுமுன் சசிகலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னவகிட்ட சொல்லிடாதடி. தனியா ஆயிட்டோம்னு நெனச்சுப்பா," என்றாள்.

இரண்டு பேருடைய பிறப்புச் சான்றிதழும் பீரோவுக்குள் இருக்கிறது. பீரோ சாவி அரிசி டிரம்முக்குள் இருக்கிறது.

நாலு மணிக்கு மீட்டிங். கம்பெனியில் எந்தத் தப்பு நடந்தாலும் ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் ஐந்து கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கு மேலும் ஒரே கேள்வி: 'ஏன்?' முதல் பதிலுக்கு ஏன், அந்தப் பதிலுக்கு ஏன் என்று ஐந்து தடவை கேட்டால் உண்மை வந்துவிடும் என்பது நம்பிக்கை.

மாரிசெல்வம் தாளை மேஜையில் விரித்தார். ஜாஸ்மின் கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சேஃப்டி ஆபீசர் ரத்தினம். எதிரே, குளவியைப் பிடித்த சசிகலா. மேஜை நடுவே கவிழ்த்த பேப்பர் கப்.

"ஏன் லைன் நின்னுச்சு? நாலாவது போல்ட் முறுக்கல. ஏன் முறுக்கல?"

"மூஞ்சிக்கு நேரா வந்துச்சு சார்," என்றாள் ஜாஸ்மின். "குனிஞ்சுட்டேன். நிமிர்றதுக்குள்ள ஃபிரேம் நவுந்துடுச்சு."

"சரி. ஏன் கேமரா புடிக்கல? குளவி போல்ட்டு மேல உக்காந்திருந்துச்சு, முதுகுல மஞ்சள். கேமரா அதைப் புள்ளின்னு எண்ணிட்டு. இப்போ நாலாவது ஏன்." மாரிசெல்வம் பேனாவால் மேஜையைத் தட்டினார். "குளவி முதுகுல ஏன் நம்ம பெயிண்ட்?"

ரத்தினம் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

"வெளியே எவனாச்சும் விளையாட்டுக்குப் பண்ணிருப்பான் சார்," என்றார் ரத்தினம். "பம்ப் ரூம்ல ஒரு கூடு கீது. சாயந்தரம் அஞ்சு மணிக்கு மெயின்டெனன்ஸ் அப்பாவுவை மருந்து பம்ப்போட அனுப்பறேன். புதன்கிழமை கஸ்டமர் ஆடிட். ரிஸ்க் எடுக்க முடியாது. நாலாவதை வுட்டுட்டு, போல்ட்டைக் கவனிக்கலைன்னு இந்தப் பொண்ணுக்கு மெமோ குடுத்து முடிங்க."

டிரெய்னிக்கு மெமோ என்றால் வீட்டுக்குப் போ என்று அர்த்தம். ஜாஸ்மின் ஷாலால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சசிகலா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு இருபது. வாயைத் திறக்காவிட்டால் வெள்ளிக்கிழமை லீடர். அஞ்சு மணிக்குக் கூடு காலி. எழில் இன்னொரு கூட்டை முதல் அறையிலிருந்து பிடிக்க இன்னொரு வருடம் ஆகும். டிசம்பரில் ஆராய்ச்சியை முடித்துக் கொடுத்தாக வேண்டும். வாயைத் திறந்தால் கம்பெனிப் பொருளை வெளியே கொண்டுபோனவள். பொய் எழுதிக் கொடுத்தவள்.

கப்புக்குள் குளவி சுற்றிச் சுற்றி வரும் சத்தம் கேட்டது. சொரசொரவென்று, விடாமல்.

"அந்தத் தாளைக் குடுங்க சார்," என்றாள் சசிகலா.

நாலாவது கட்டத்தில் எழுதினாள்: 'பேனாவை வெளியே கொடுத்தது நான். தொலைந்தது என்று எழுதியது பொய்.' கீழே எம்ப்ளாயி நம்பரையும் போட்டாள்.

ரத்தினம் எட்டிப் படித்தார். "நீயாம்மா? வெள்ளிக்கிழமை உனக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

மாரிசெல்வம் ஐந்தாவது கட்டத்தைக் காட்டினார். "ஏன் கொடுத்தீங்க?"

சசிகலா 'தங்கச்சி' என்று எழுதினாள்.

"இது காரணம் இல்லம்மா. ஆள் பேரு. ஏன்னு கேக்கேன்."

"அதுக்கு மேல ஏன்னு கேட்டா எனக்குப் பதில் தெரியாது சார்."

"கூடப் பொறந்ததா?"

சசிகலா பேனாவை மூடினாள். "ஆமா சார்."

மாரிசெல்வம் அவளையே பார்த்தார். சசிகலா விடவில்லை. "சார், எனக்கு இன்னா தண்டனையோ குடுங்க. ஜாஸ்மினுக்கு மெமோ வேணாம். என் தங்கச்சி ஆராய்ச்சி பண்ற கூடு அது, வியாழக்கிழமையோட அவ வேலை முடிஞ்சுடும். அப்புறம், மருந்து அடிச்சா கூட்டுல கீறது சாவும். வெளியே போனதுங்க திரும்பி வரும். கூடு இல்லைன்னா எங்க போவும்? தண்ணி இருக்கற எடத்துக்கு. ஆறாவது ஸ்டேஷன் மேல ஏ.சி. பைப்பு ஒழுகுது. இது அந்தத் தண்ணிக்குத்தான் வந்துது. நீங்க அடிச்சீங்கன்னா ஆடிட் அன்னிக்கு எல்லாம் லைன்ல உக்காந்துகினு இருக்கும்."

"உள்ள எப்படி வந்துச்சு?"

"டாக் வாசல்ல தொங்கற பிளாஸ்டிக் கர்ட்டன்ல ரெண்டு பட்டை கெடையாது சார். ஃபோர்க்லிஃப்ட் இடிச்சு அறுந்து நாலு மாசமாவுது. சேஃப்டிக்கு ரெண்டு வாட்டி எழுதிக் குடுத்துகீறேன்."

ரத்தினம் கூரையைப் பார்த்தார். மாரிசெல்வம் ரத்தினத்தைப் பார்த்தார்.

பத்து நிமிடத்தில் எல்லோரும் டாக் வாசலில் நின்றார்கள். இரண்டு பட்டைக்கான இடம் ஆள் நுழையும் அகலத்துக்குத் திறந்து கிடந்தது. உள்ளே ஆறாவது ஸ்டேஷனுக்கு மேலே பைப்பிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

"வியாழக்கிழமை வரைக்கும் கூடு இருக்கட்டும்," என்றார் மாரிசெல்வம் கடைசியில். "இன்னைக்கே பட்டை மாட்டணும், பைப் அடைக்கணும். அப்பாவு மருந்தை வச்சிட்டு ஏணியை எடுத்துட்டு வரட்டும். ஜாஸ்மினுக்கு மெமோ இல்ல, ரீட்ரெய்னிங். உங்களுக்கு..." அவர் தயங்கினார். "வார்னிங் லெட்டர் கொடுக்காம இருக்க முடியாதும்மா. ஆறு மாசத்துக்கு லீடர் லிஸ்ட்ல பேர் வராது."

"சரி சார்."

"ஏழாவது மாசம் நானே இந்தத் தாளை எடுத்துட்டுப் போய் பிளான்ட் ஹெட் முன்னாடி வைப்பேன். பன்னெண்டு வருஷத்துல நாலாவது கட்டத்துல தன் நம்பரைத் தானே எழுதின ஆளை நான் பார்த்ததில்ல." பேப்பர் கப்பை நீட்டினார். "இந்தாங்க. உங்க ஆளைக் கூட்டிட்டுப் போங்க."

பம்ப் ரூம் முன்னால் சசிகலா அட்டையை உருவினாள். மஞ்சக்காரி கப்பின் விளிம்பில் நின்று மீசையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நேராகக் கூட்டுக்குப் பறந்து, ஓய்வே எடுக்காமல் ஒரு அறைக்குள் தலையை விட்டாள்.

விஷயம் தெரிந்ததும் எழில் குதித்தாள். "நீ ஏங்கா சொன்ன? நான் வந்து சொல்லிருப்பேன்ல?"

"உன்ன உள்ள வுட மாட்டான் செக்யூரிட்டி. ஷூ இல்லாம வந்துகீற."

"சிரிப்பு காட்டாத. லீடர் போஸ்ட் போச்சுல்ல?"

"ஆறு மாசம்தான். அதுவரைக்கும் லைன்ல நின்னு வேலை செய்ய என் குதிகால் தாங்கும். நீ எண்ணற வேலையைப் பாரு."

புதன்கிழமை ஆடிட் வந்தது, போனது. ஒரு குளவியும் உள்ளே வரவில்லை. வந்த கஸ்டமர் புதுக் கர்ட்டனைத் தொட்டுப் பார்த்து நல்லா இருக்கு என்றாராம். ரத்தினம் அதைத் தன் யோசனை என்று சொல்லிக்கொண்டதாக ஜாஸ்மின் வந்து கொதித்தாள். சசிகலா, "சொல்லிகினு போவட்டும், பட்டை தொங்குதுல்ல?" என்றாள்.

வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்து, பஸ் ஏறாமல் பம்ப் ரூமுக்கு நடந்தாள். எழில் நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கடைசி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை மூடியில் ஒரு கீறல். கீறல் ஓட்டையாயிற்று. ஓட்டையில் ஒரு முகம் தெரிந்தது. முகத்தைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று எழில் சொல்லிவிடுவாள்.

"பொண்ணு!"

மஞ்சக்காரி ஓடி வந்து அந்தப் புதுத் தலையைத் தடவிப் பார்த்தாள்.

"மொத்தம் எவ்ளோ?" என்றாள் சசிகலா.

"நாப்பதுல இருபத்தெட்டு பொண்ணு, பன்னெண்டு ஆணு. ராணி கேட்டது இருபது. வேலைக்காரிங்க கேட்டது முப்பது." எழில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ரெண்டு பேரும் ஜெயிக்கல. ஆனா வேலைக்காரிங்க கிட்ட வந்துட்டாங்க. முழுசா ஒரு கூடு, ஒண்ணு வுடாம. யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது."

சசிகலா ஸ்டூலின் ஓரத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூட்டைப் பார்த்தாள். மனதில் நாலு நாளாக அறுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"அந்த மஞ்சக்காரிக்கு இதுல இன்னாடி லாபம்? இதுங்கள்ல ஒண்ணுகூட அவளுக்குச் சொந்தம் இல்லியே."

"கணக்குப்படி ஒண்ணும் இல்ல. அவ நெனச்சா என்னிக்கோ போய்த் தனியா கூடு கட்டிருக்கலாம். றெக்கை கீது, தெம்பு கீது."

"அப்ப உன் நோட்டுல அவளை எந்தக் கணக்குல சேப்ப? நம்பர் எத்தனை அவளுக்கு?"

எழில் நோட்டை மூடினாள். ஸ்டூலில் நகர்ந்து அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டாள். பிறகு கூட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"பீரோ சாவி அரிசி டிரம்முல கீதுன்னு பிளஸ் டூ படிக்கும்போதே எனக்குத் தெரியும்கா, அதான் அவளுக்கு நம்பர் போடாம, சசின்னு உன் பேரை எழுதி வெச்சிகீறேன்."